நிற்கும் காரின் ஓட்டம்: கார்ப்பரேட்டர் எஞ்சினும் டைனமோமீட்டரும்

கார்ப்பரேட்டர் என்ற சொல் இன்றைய கார் ஓட்டுநர்கள் பலருக்குப் பழங்காலத்துச் சொல்லாகிவிட்டது. இப்போதைய கார்களில் எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில், எந்த சிலிண்டருக்கு என்பதையெல்லாம் ஒரு சிறு கணினி தீர்மானிக்கிறது. அந்தக் கணினிக்கு முந்தைய காலத்து எஞ்சின் ஒன்றைப் பிரித்துப் புதுப்பித்து, அது சரியாக எரிகிறதா என்று சோதித்துப் பார்த்த அனுபவத்தையும், அச்சோதனையின் பின்னாலிருக்கும் அறிவியலையும் இக்கட்டுரையில் சொல்ல முயல்கிறேன்.

நான் தொழிலால் மென்பொருள்காரன். முதுகலையில் படித்தது இயந்திரப் பொறியியல். அதிலும் உள்ளெரி எஞ்சின்களே சிறப்புப் பாடம். படித்தது ஒன்று, பிழைப்பு வேறொன்று என்பது நம்மில் பலருக்கு நேர்ந்த கதைதான். ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகில் குடியேறியபின், ஓட்டம் நின்று கொட்டகையில் கிடந்த 1967ஆம் ஆண்டு எம்.ஜி.பி. கார் ஒன்றை வாங்கினேன். ஆக்ஸ்ஃபோர்டின் தெற்கே பத்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆபிங்டன் என்ற சிற்றூரில்தான் 1962 முதல் 1980 வரை இந்தக் கார்கள் தயாராயின. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவை விற்றன.

இந்தக் காரை நான் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கோவையில் அப்பா வைத்திருந்த பழைய அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சினும், எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. எஞ்சினும் ஒரே குடும்பம். இரண்டும் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் 'பி-சீரீஸ்' என்னும் வகையைச் சேர்ந்தவை. அண்ணன் டாக்சி ஓட்டினான், தம்பி பந்தயத்துக்குப் போனான், அவ்வளவுதான் வித்தியாசம். சிறு வயதில் பார்த்துப் பழகிய எஞ்சின் என்பதால் பிரிக்கும்போது அன்னியமாகத் தோன்றவில்லை.

சிலிண்டர்கள் தேய்ந்திருந்ததால் 40 தௌ, அதாவது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர், பெரிதாகக் குடைந்து புது பிஸ்டன்கள் போட வேண்டியிருந்தது. அதனால் கொள்ளளவு 1845 சி.சி. ஆனது. ஈயம் கலந்த பெட்ரோல் பிரிட்டனில் 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு நின்றுவிட்டது. ஈயம் தந்த பாதுகாப்பு இல்லாமல் பழைய எக்ஸாஸ்ட் வால்வு இருக்கைகள் மெல்ல அரிபடும் என்பதால், கடினமான உலோக இருக்கைகளைப் பதித்தோம். பட்டறைக் கடைசல் வேலைகள் தவிர மற்றதையெல்லாம் நானே செய்தேன். இரண்டு ஆண்டுகளின் சனிக்கிழமைகள் அதில் போயின. 2024 அக்டோபரில் காரை டைனமோமீட்டர் சோதனைக்குக் கொண்டுபோனேன்.

டைனமோமீட்டர் என்றால் என்ன?

எஞ்சினின் முறுக்குவிசையை அளக்கும் கருவியே டைனமோமீட்டர்; சுருக்கமாக டைனோ. 1821ல் பிரெஞ்சுப் பொறியாளர் காஸ்பார் தெ புரோனி உருவாக்கிய தடை இதன் மூதாதை. சுழலும் தண்டை மரக்கட்டைகளால் இறுக்கிப் பிடித்து, அந்தப் பிடியைத் தண்டு எவ்வளவு பலத்தோடு இழுக்கிறது என்பதை ஒரு நீண்ட கைக்கோலின் நுனியில் எடை வைத்து அளந்தார். மரக்கட்டை சூடாகிப் புகையும் தொல்லையைத் தீர்க்க, 1877ல் இங்கிலாந்தின் வில்லியம் ஃபுரூட் கட்டைக்குப் பதிலாகத் தண்ணீரையே தடையாகப் பயன்படுத்தினார். இன்று பெரும்பாலும் மின்காந்தத் தடைகள் பயன்படுகின்றன. கருவி மாறினாலும் கருத்து மாறவில்லை: சுழல்வதைத் தடுத்துப் பார், எவ்வளவு எதிர்க்கிறது என்று அள.

எஞ்சினைக் காரிலிருந்து கழற்றித் தனியாகப் பூட்டிச் சோதிப்பது ஒரு முறை. காரையே உருளைகள்மேல் ஏற்றி, பின்சக்கரங்கள் உருளைகளைச் சுழற்றும்படி செய்வது மற்றொன்று. பின்னதை இங்கே 'ரோலிங் ரோடு' என்கிறார்கள். காரைப் பட்டைகளால் தரையோடு கட்டிவிடுவார்கள். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும், ஆனால் ஓர் அங்குலமும் நகராது.

உருளைகளிலும் இருவகை உண்டு. ஒன்றில் கனத்த உருளை மட்டுமே இருக்கும். அதை எவ்வளவு விரைவாக எஞ்சின் முடுக்குகிறது என்பதிலிருந்து விசையைக் கணக்கிடுவார்கள். ஓட்டம் சில நொடிகளில் முடிந்துவிடும். இன்னொன்றில் தடையும் சேர்ந்திருக்கும். 'நிமிடத்துக்கு 3000 சுற்றில் நில்' என்றால், ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் எஞ்சின் 3000ஐத் தாண்டாது. கார்ப்பரேட்டரைச் சரிசெய்ய இந்த இரண்டாவது வகைதான் தேவை. ஒரு மலைச்சரிவை நாம் விரும்பும் வரை நீட்டிக்கொண்டே போகலாம். அதே சுமையில் அதே வேகத்தில் எஞ்சினை வைத்து நிதானமாக அளக்கலாம். நெடுஞ்சாலையில் இதைச் செய்ய முடியாது.

குதிரைத்திறன் என்னும் கணக்கு

டைனோ குதிரைத்திறனை அளப்பதாகவே பலரும் நினைக்கிறார்கள். அது அளப்பது முறுக்குவிசையையும் சுற்றுவேகத்தையும் மட்டுமே. குதிரைத்திறன் அவ்விரண்டையும் பெருக்கி வருவது. நிமிடத்துக்கு 33,000 பவுண்டு-அடி வேலை ஒரு குதிரைத்திறன் என்பது ஜேம்ஸ் வாட் வகுத்த அளவு. அதை 2π ஆல் வகுத்தால் 5252 கிடைக்கும். எனவே முறுக்குவிசையைப் பவுண்டு-அடியில் எடுத்து, சுற்றுவேகத்தால் பெருக்கி, 5252 ஆல் வகுத்தால் குதிரைத்திறன். இதனால்தான் ஒரே அளவுகோலில் வரையப்பட்ட எந்த டைனோ வரைபடத்திலும் இரு கோடுகளும் 5252ஆம் சுற்றில் வெட்டிக்கொள்கின்றன. வெட்டாவிட்டால் அந்த வரைபடத்தை நம்பாதீர்கள்.

எம்.ஜி.பி.க்குத் தொழிற்சாலை சொன்ன கணக்கு: 5400 சுற்றில் 95 குதிரைத்திறன், 3000 சுற்றில் 110 பவுண்டு-அடி முறுக்குவிசை. இவை எஞ்சினின் பின்புறப் பறப்புச் சக்கரத்தில் அளந்தவை. உருளையில் அளப்பதோ சாலைச் சக்கரத்தில். இடையில் கியர்ப்பெட்டி, டிஃபரன்ஷியல், டயர் எல்லாம் தத்தம் பங்கை எடுத்துக்கொள்கின்றன. ஆறில் ஒரு பங்கு போவது சாதாரணம். கிளட்சை மிதித்து உருளைகள் தாமாக நிற்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்து இந்த இழப்பை மதிப்பிடலாம். ஆனாலும் அது மதிப்பீடுதான். அன்றைய காற்றின் வெப்பம், அழுத்தம், ஈரம் ஆகியவற்றுக்கும் திருத்தம் உண்டு; எந்தத் தர அளவைப் பின்பற்றுகிறோம் என்பதைப் பொறுத்துத் திருத்தமும் மாறும். எனவே ஓர் ஊர் டைனோவில் வந்த எண்ணை இன்னோர் ஊர் எண்ணோடு ஒப்பிடுவதில் பயனில்லை. அதே டைனோ, அதே நாள், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் என்ற ஒப்பீட்டுக்கே பொருளுண்டு.

எஸ்.யூ. கார்ப்பரேட்டர்

எம்.ஜி.பி.யில் இரட்டை எஸ்.யூ. கார்ப்பரேட்டர்கள். எஸ்.யூ. என்பது 'ஸ்கின்னர்ஸ் யூனியன்' என்பதன் சுருக்கம். காலணி வணிகக் குடும்பத்தில் பிறந்த ஸ்கின்னர் சகோதரர்கள் உருவாக்கியது. முதல் கார்ப்பரேட்டர்களில் தோலால் செய்த துருத்தி இருந்தது. செருப்புக் கடைக்காரர் வீட்டில் தோலுக்கா பஞ்சம்? 1910ல் நிறுவனமாகி, 1926ல் மோரிஸ் குழுமத்தின் வசமாயிற்று.

சாதாரண கார்ப்பரேட்டரில் காற்று போகும் வழியின் அகலம் மாறாது. அதனால் வெவ்வேறு வேகத்துக்கு வெவ்வேறு துளைகள் வேண்டும். எஸ்.யூ.வில் வழியே விரிந்து சுருங்கும். எஞ்சின் அதிகக் காற்றை உறிஞ்சினால் உள்ளிருக்கும் ஒரு பிஸ்டன் தானாக மேலெழுந்து வழியை அகலமாக்கும், குறைத்தால் தாழும். அதனால் பெட்ரோல் துளையின்மேல் வீசும் காற்றின் வேகம் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். ஒரே ஒரு துளை போதும். அந்தப் பிஸ்டனின் அடியில் நுனி சிறுத்த ஓர் ஊசி தொங்குகிறது. பிஸ்டன் எழும்பும்போது ஊசியின் மெல்லிய பகுதி துளைக்குள் வரும். சுற்றியுள்ள இடைவெளி கூடி அதிகப் பெட்ரோல் வரும்.

ஆக, எந்த வேகத்தில் எவ்வளவு பெட்ரோல் என்ற அட்டவணை முழுவதும் அந்த ஊசியின் வடிவத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. எட்டில் ஓர் அங்குலத்துக்கு ஒருமுறை அதன் விட்டம் குறிக்கப்பட்டிருக்கும். என் தொழிலில் இதை 'லுக்-அப் டேபிள்' என்போம். இவர்கள் அதைப் பித்தளையில் கடைந்து வைத்திருந்தார்கள். ஊசியின் தலைப்பகுதியில் ஒரு சிறு எண் பொறித்திருக்கும். என் காருக்கு உரிய ஊசி எண் 5. பெட்ரோல் கூடுதலாக வேண்டுமென்றால் 6, குறைவாக வேண்டுமென்றால் 21.

துளையைக் கீழேயிருந்து தாங்கும் அறுகோண நட்டு ஒன்றும் உண்டு. அதைத் திருப்பினால் துளை ஏறி இறங்கும். ஊசியின் எல்லா உயரத்திலும் பெட்ரோல் ஒருசேரக் கூடும் அல்லது குறையும். நட்டு அட்டவணையை மேலும் கீழும் நகர்த்தும், அதன் வடிவத்தை மாற்றாது. இந்த வேறுபாட்டை நான் படித்திருந்தேன். புரிந்துகொண்டது பிறகுதான்.

காற்றும் பெட்ரோலும்

ஒரு கிலோ பெட்ரோல் முழுவதுமாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஆனால் அதிகபட்சத் திறனுக்குப் பெட்ரோல் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும், ஏறக்குறைய 12.5 முதல் 13 வரை. சமவெளிச் சாலையில் மெல்ல ஓடும்போது 15ஐத் தாண்டினாலும் பாதகமில்லை, சிக்கனம்கூட. முழுச் சுமையில் பெட்ரோல் குறைந்தால்தான் ஆபத்து. உட்பாகங்கள் அளவுக்கு மீறிச் சூடாகும். கலவை ஒழுங்காக எரிந்து பரவாமல் ஓரிடத்தில் வெடிக்கும். அலுமினியம் 660 டிகிரி செல்ஷியஸில் உருகும். பிஸ்டன் செய்வது அலுமினியக் கலப்பு உலோகத்தில். இரண்டு வருட உழைப்பு ஓட்டையாக இருபது நொடி போதும்.

இந்த விகிதத்தை அறிய, சைலன்சர் குழாயின் முனையில் ஆக்ஸிஜன் உணரி ஒன்றைச் செருகுவார்கள். உணரி உண்மையில் அறிவது 'லாம்ப்டா' என்னும் விகிதத்தை. முழு எரிதலுக்குத் தேவையான காற்று சரியாக இருந்தால் லாம்ப்டா 1. திறனுக்கு உகந்தது 0.85 முதல் 0.9 வரை. கருவி அதைப் பெட்ரோல் கணக்காக்கி 14.7 என்றோ 12.8 என்றோ காட்டுகிறது. இங்கே ஒரு குழப்பம் உண்டு. 2021 செப்டம்பர் முதல் இங்கே சாதாரண பெட்ரோலில் பத்து விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தன்னோடு ஆக்ஸிஜனையும் கொண்டுவருவதால், அதற்கு உரிய விகிதம் 14.7 அல்ல, சுமார் 14.1. பழைய ஊசியோடு அந்தப் பெட்ரோலை ஊற்றினால் கலவை தானாகவே மெலிந்துவிடும். எனவே எண்ணிக்கையை விட லாம்ப்டாவையே நம்புவது நல்லது. நான் எத்தனால் ஐந்து விழுக்காட்டுக்கு மிகாத பெட்ரோலை நிரப்பினேன்.

உருளைக்குப் போகும் முன்

புதுப்பித்த எஞ்சினை நேராக உருளையில் ஏற்றி விரட்டக் கூடாது. முதல்முறை உயிர்பெற்றதும் இருபது நிமிடம் 2000 முதல் 2500 சுற்றுக்குள் ஓட விட வேண்டும். கேம்ஷாஃப்ட்டும் டாப்பெட்டும் ஒன்றையொன்று பதப்படுத்திக்கொள்ளும் நேரம் அது. ஐடிலிங்கில் விட்டால் எண்ணெய் போதாமல் தேயும். இக்கால எண்ணெய்களில் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம் குறைவு. எனவே பழைய எஞ்சின்களுக்கென விற்கும், அச்சேர்மம் மிகுந்த எண்ணெய் வேண்டும். பிறகு சில நூறு மைல்கள் மிதமாக ஓட்டி, எண்ணெயை மாற்றி, சிலிண்டர் ஹெட் நட்டுகளை 50 பவுண்டு-அடியில் மறுபடி சரிபார்த்து, டாப்பெட் இடைவெளியை 15 தௌவில் வைத்து, பாயிண்ட் இடைவெளியை 15 தௌவிலும் பிளக் இடைவெளியை 25 தௌவிலும் வைத்தேன்.

கார்ப்பரேட்டர்களையும் புத்தகத்தில் உள்ளபடி சரிசெய்தேன். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு கார்ப்பரேட்டர் வாயிலும் வைத்து, இரண்டின் சீறலும் ஒன்றாகும்வரை திருகினேன். பிறகு பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக மெல்லத் தூக்கிப் பார்க்க வேண்டும். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் தடுமாறினால் குறைவு. சற்றே கூடி மீண்டும் பழைய நிலைக்கு வந்தால் சரி. இரண்டும் சரியாக இருந்தன. பின்பக்கக் கார்ப்பரேட்டரில் மட்டும் நட்டை ஐந்தாறு முகம் கூடுதலாகத் திருப்ப வேண்டியிருந்தது. அது ஏன் என்று அப்போது கேட்டிருக்க வேண்டும்.

முதல் ஓட்டம்

ரோலிங் ரோடு நடத்துபவர் அறுபதைக் கடந்தவர். முதலில் காரைச் சுற்றி வந்து டயர் காற்று, எண்ணெய், தண்ணீர், பெட்ரோல் கசிவு எல்லாவற்றையும் பார்த்தார். முன்னால் பெரிய மின்விசிறி, பின்னால் புகையை வெளியேற்றும் குழாய். சுவரில் கார்பன் மோனாக்ஸைடு எச்சரிக்கைக் கருவி. காதுக்கு அடைப்பான் கொடுத்துவிட்டு, "இன்று எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார். நான் தயங்காமல், "சக்கரத்தில் எண்பது" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நான்காவது கியரில் தொடங்கினோம். அதில் கியர்ப்பெட்டி எஞ்சின் வேகத்தை மாற்றாமல் அப்படியே கடத்தும். 2000ல் நிறுத்தி, முழு மிதி; அளவு. 2500, 3000 என்று ஐந்நூறு ஐந்நூறாக ஏறினோம். எண்ணெய் அழுத்தம் 60 பவுண்டு, தண்ணீர் 85 டிகிரி. நான் கவலைப்பட்டதெல்லாம் நன்றாக இருந்தது. 3000ல் கலவை 12.9. 4000ல் 13.4. 4500ல் 13.9. அவர் காலை எடுத்துவிட்டார்.

"கொஞ்சம்தானே மெலிவு? நட்டை இரண்டு முகம் கீழே இறக்கினால் போதாதா?" என்று கேட்டேன். 5400 வரை போய் அந்த எண்ணைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு. "இது நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே எண். எனக்கு நான்கு எண் வேண்டும்" என்றார்.

நான்கு பிளக்குகள்

எஞ்சினை அப்படியே நிறுத்தி நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, சிலிண்டர் வரிசைப்படி ஒரு துணியில் அடுக்கினார். ஒன்றும் இரண்டும் பழுப்பு நிறம், கொஞ்சம் கருமை. மூன்றும் நான்கும் சுண்ணாம்பு வெள்ளை.

அதைப் பார்த்ததும் எனக்குக் கோவைதான் நினைவுக்கு வந்தது. அப்பாவின் அம்பாசிடரை எப்போது கொண்டுபோனாலும் மெக்கானிக் அண்ணன் முதலில் செய்வது இதைத்தான். பிளக்குகளைக் கழற்றி 'தினத்தந்தி' மேல் வரிசையாக வைப்பார். வரிசை கலைந்தால் பையனைத் திட்டுவார். வரிசை எதற்கு என்று நான் கேட்டதில்லை. எனக்கு அது வெறும் ஒழுங்காகப் பட்டது.

பி-சீரீஸ் எஞ்சினில் உறிஞ்சு வாய்கள் இரண்டே. ஒன்றையும் இரண்டையும் முன் கார்ப்பரேட்டர் ஊட்டுகிறது. மூன்றையும் நான்கையும் பின் கார்ப்பரேட்டர். முன்னது அளவாக ஊட்ட, பின்னது பட்டினி போட்டிருக்கிறது. இரண்டின் புகையும் ஒரே குழாயில் கலந்து வெளியே வரும்போது சராசரி 13.9. முன்பாதி 12.8 என்றால் பின்பாதி 15க்குப் போயிருக்க வேண்டும். கணினித் துறையில் பதினைந்து ஆண்டுகளாகச் சராசரியை நம்பாதே என்று இளையவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பவன் நான். நட்டை இரண்டு முகம் இறக்கியிருந்தால் கருவியில் அழகான எண் வந்திருக்கும். நான்காவது பிஸ்டன் உருகியிருக்கும்.

காரணத்தை ஒவ்வொன்றாகத் தேடினார். உறிஞ்சு குழாயின் காஸ்கெட்டில் காற்று கசிகிறதா? இல்லை. மிதவை அறையில் பெட்ரோல் மட்டம்? சரி. பிறகு கார்ப்பரேட்டர்களின் மேல்மூடிகளைக் கழற்றி, பிஸ்டனை எடுத்து, ஊசியை உருவி, பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினார். முன் ஊசியில் 5. பின் ஊசியில் 21.

வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை. காரோடு வந்த உதிரிபாக டப்பாவிலிருந்து அந்த ஊசியை எடுத்துப் போட்டவன் நானே. ஒரே நீளம், ஒரே பளபளப்பு. எண்ணைப் படிக்கவில்லை. ஐடிலிங்கில் மெலிவாகத் தெரிந்தபோது நட்டைத் திருப்பி மறைத்துவிட்டேன். ஒரு புள்ளியில் மட்டும் இரண்டு ஊசிகளையும் சமமாக்கிவிட்டு, மற்ற எல்லா உயரத்திலும் அவை வேறு வேறு என்பதை விட்டுவிட்டேன்.

அவரிடம் ஊசிகள் நிறைந்த மரப்பெட்டி இருந்தது. முதலில் இரண்டிலும் 5 போட்டோம். பிளக்குகள் நான்கும் ஒரே நிறத்துக்கு வந்தன. ஆனால் 5000ல் விகிதம் 13.4. பெரிதாக்கிய சிலிண்டரும் எத்தனாலும் சேர்ந்து இன்னும் கொஞ்சம் கேட்டன. இரண்டிலும் 6 போட்டதும் மேல்வேகத்தில் 12.7ல் நின்றது. பிஸ்டன் மேலுள்ள தணிப்பானில் எண்ணெய் குறைந்திருந்தது, அதையும் நிரப்பினார். திடீரென மிதிக்கும்போது பிஸ்டன் துள்ளி எழாமல் அந்த எண்ணெய் தாமதப்படுத்தும். அந்தக் கணத்துக்கு வேண்டிய கூடுதல் பெட்ரோல் அதனால்தான் கிடைக்கிறது.

பொறி நேரம்

கலவை சரியான பிறகே பொறியைத் தொட வேண்டும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

பிஸ்டன் உச்சியை அடையும் முன்பே பொறி பற்ற வேண்டும், ஏனெனில் தீ பரவ நேரமாகும். 5000 சுற்றில் கிராங்க் தண்டு ஆயிரத்தில் ஒரு நொடிக்கு 30 டிகிரி திரும்பிவிடும். வேகம் கூடக் கூடப் பொறி முந்த வேண்டும். லூக்காஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரு சிறு எடைகள் சுழற்சியில் விலகி இதைச் செய்கின்றன. இரண்டு சுருள்வில்கள் அவற்றை இழுத்துப் பிடிக்கின்றன. நின்ற நிலையில் 10 டிகிரி முன்னதாக வைக்கச் சொல்கிறது புத்தகம். வைத்திருந்தேன்.

ஆனால் 2500ல் முழு மிதியில் மெல்லிய கிணுகிணுப்பு கேட்டது. சட்டியில் மணலோடு கடலை வறுபடும் ஓசை போல. ஸ்ட்ரோப் விளக்கை அடித்துப் பார்த்தால், 5000ல் வர வேண்டிய முன்னேற்றம் முழுவதும் 2500லேயே வந்துவிட்டிருந்தது. ஐம்பத்தேழு வயதுச் சுருள்வில் ஒன்று தளர்ந்து போயிருந்தது. அதை மாற்றிய பிறகு, 4500ல் நிறுத்தி முன்னேற்றத்தை 28, 30, 32, 34 என்று ஏற்றிப் பார்த்தார். 28லிருந்து 30க்கு முறுக்குவிசை கூடியது. 32ல் இன்னும் சற்று. 34ல் ஒன்றும் கூடவில்லை. 31ல் பூட்டினார். "பலன் நிற்கும் இடத்துக்கு ஒரு படி முன்னால் நிறுத்திவிட வேண்டும். வெயில் நாளில், மோசமான பெட்ரோலில், மேட்டில் ஏறும்போது அந்த ஒரு டிகிரி காப்பாற்றும்" என்றார்.

கடைசி வரைபடம்

மாலை நான்கு மணிக்கு முழு ஓட்டம். 5100 சுற்றில் சக்கரத்தில் 74 குதிரைத்திறன்; 3000ல் 88 பவுண்டு-அடி. இழப்பைச் சேர்த்தால் எஞ்சினில் 88 குதிரைத்திறன் இருக்கலாம் என்று மதிப்பிட்டார். நான் சொன்ன எண்பது வரவில்லை. தொழிற்சாலையின் தொண்ணூற்றைந்தும் வரவில்லை. கோடு மட்டும் 2000 முதல் 5000 வரை குழியோ மேடோ இல்லாமல் போனது. அதைக் காட்டி, "நீங்கள் ஓட்டப்போவது இதை, உச்சியிலுள்ள புள்ளியை அல்ல" என்றார். காலையில் நான் விரும்பியபடி 5400 வரை விரட்டியிருந்தால், ஒருவேளை எனக்கு ஓர் எண் கிடைத்திருக்கும். எஞ்சின் கிடைத்திருக்காது.

பழைய காரைப் புதுப்பிக்கும் அன்பர்களுக்கு என் அனுபவத்தில் சொல்லக்கூடியவை சிலவே. உணரியின் எண்ணோடு நிற்காமல் நான்கு பிளக்கையும் வரிசை மாறாமல் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரட்டைப் பாகங்களில் ஒன்றுக்கு மட்டும் கூடுதல் திருத்தம் தேவைப்பட்டால், திருத்துவதை நிறுத்திவிட்டு ஏன் என்று கேளுங்கள். ஊசியின் எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள்.

அன்றிரவு அப்பாவைத் தொலைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் விவரித்தேன். முறுக்குவிசை, லாம்ப்டா, ஊசி எண் 21 எல்லாம் பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும், "அதெல்லாம் சரிடா, லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?" என்றார். பத்து கிலோமீட்டர் வரலாம் என்றேன்.

"அட, நம்ம அம்பாசிடர் குடுத்ததுதானே" என்றார். குரலில் ஒரு திருப்தி இருந்தது.